செய்திக்கு முன்னால் வரும் ‘பிடிஐ’: ஒரு செய்தி நிறுவனம் பிறந்ததும் இயங்குவதும்

காலையில் இரண்டு மூன்று நாளிதழ்களை வரிசையாகப் படிப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். உச்ச நீதிமன்றத்தில் நடந்த விசாரணை, அசாமில் வந்த வெள்ளம், லண்டனில் முடிந்த கிரிக்கெட் ஆட்டம் என எதை எடுத்தாலும் மூன்று பத்திரிகைகளிலும் ஏறக்குறைய ஒரே தகவல், ஒரே வரிசை, சில இடங்களில் ஒரே சொற்கள். இணையதளங்களில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். தலைப்பு மட்டும் மாறியிருக்கும், உள்ளே எழுத்துப்பிழைகூட மாறாமல் இருக்கும். “யாரோ எழுதிக் கொடுப்பதை எல்லோரும் அப்படியே போடுகிறார்கள்” என்று வாசகர்கள் கோபப்படுகிறார்கள். யாரோ எழுதிக் கொடுப்பது உண்மைதான். எழுதுகிறவர் யார், அவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் அந்தக் கோபத்தை எங்கே செலுத்துவது என்பதும் தெளிவாகும்.

## செய்தி நிறுவனம் என்பது எது, எது இல்லை

தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் நிருபர் வைத்திருப்பதே ஒரு நாளிதழுக்குப் பெரிய செலவு. கவுகாத்தியிலும் ஸ்ரீநகரிலும் நியூயார்க்கிலும் தனித்தனியே ஆள் போடுவது முடியாத காரியம். எனவே பல பத்திரிகைகளுக்கும் பொதுவாக ஓர் அமைப்பு நிருபர்களை வைத்துச் செய்தி சேகரிக்கிறது. பத்திரிகைகளும் வானொலியும் தொலைக்காட்சியும் அதற்குச் சந்தா கட்டி அந்தச் செய்தியை வாங்கிக்கொள்கின்றன. கோயம்பேட்டில் மொத்தமாக இறங்கும் காய்கறி தெருக்கடைகளில் சில்லறையாக விலை போவதைப் போன்ற ஏற்பாடு இது. செய்தி நிறுவனம் நேரடியாக வாசகருக்கு விற்காமல், வாசகருக்கு விற்பவர்களுக்கு விற்கிறது. பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா, சுருக்கமாகப் பிடிஐ, இந்தியாவில் அப்படிப்பட்ட அமைப்புகளில் முதன்மையானது.

பிடிஐயையும் பிஐபியையும் ஒன்றென்று நினைப்பவர்கள் பலர். பிஐபி என்பது பத்திரிகைத் தகவல் அலுவலகம், மத்திய அரசின் ஒரு துறை. அமைச்சகங்கள் சொல்ல விரும்புவதை வெளியிடுவது அதன் வேலை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, பிரதமர் விமானத்திலிருந்து பார்வையிடும் படம் ஒன்றைப் பிஐபி வெளியிட்டது. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வெள்ளக் காட்சி வேறொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது என்று தெரிந்ததும் படம் நீக்கப்பட்டது. அதை வெளியிட்டது அரசின் விளம்பரக் கை. சந்தாதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய செய்தி நிறுவனம் அதே தவறைச் செய்தால் நடைமுறை வேறு: திருத்தம் அனுப்ப வேண்டும், படத்தைத் திரும்பப் பெற வேண்டும், வாங்கிய ஒவ்வொரு பத்திரிகைக்கும் தகவல் தர வேண்டும்.

உலகின் செய்தி நிறுவனங்களை அவற்றின் உடைமையை வைத்துப் பிரிக்கலாம்.

1. பத்திரிகைகளே சேர்ந்து நடத்துபவை. 1846இல் நியூயார்க் நாளிதழ்கள் செலவைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) இதற்கு மூத்த முன்னுதாரணம். ஜப்பானின் கியோடோவும் நம் பிடிஐயும் இவ்வகை.
2. அரசு நடத்துபவை. சீனாவின் ஷின்ஹுவா, ரஷ்யாவின் டாஸ், மலேசியாவின் பெர்னாமா, இலங்கையில் 1978இல் தொடங்கிய லங்காபுவத்.
3. தனியார் நிறுவனங்கள். இந்தியாவில் 1971இல் தொடங்கிய ஏஎன்ஐ.
4. அரசுக்கும் தனியாருக்கும் நடுவில் நிற்பவை. பிரான்ஸின் ஏஎஃப்பிக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம் தன்னாட்சி தந்தது. ஆனால் பிரெஞ்சு அரசு அதன் மிகப் பெரிய வாடிக்கையாளராகத் தொடர்கிறது.

“தேசிய” செய்தி நிறுவனம் என்று சொல்லும்போது அந்த அடைமொழி அரசுடையது என்ற பொருளில் வருவதில்லை. நாடு முழுவதும் செய்தி சேகரித்து நாடு முழுவதும் விநியோகிப்பது என்பதே அதன் பொருள்.

## ராய்ட்டர்ஸின் நிழலில்

1870இல் ஐரோப்பாவின் மூன்று பெரிய நிறுவனங்கள், பிரான்ஸின் ஹவாஸ், ஜெர்மனியின் வோல்ஃப், பிரிட்டனின் ராய்ட்டர்ஸ் ஆகியவை, உலகத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன. யார் எந்த நாட்டில் செய்தி சேகரிப்பது, யார் எங்கே விற்பது என்று ஒப்பந்தம். பிரிட்டிஷ் பேரரசு ராய்ட்டர்ஸின் பங்கு. ஆகவே உலகச் செய்தி இந்தியாவுக்கு வருவதும் இந்தியச் செய்தி உலகத்துக்குப் போவதும் லண்டன் வழியாகத்தான்.

உள்நாட்டுச் செய்திக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேசப் சந்திர ராய் என்ற வங்காளிப் பத்திரிகையாளர் அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியாவை (ஏபிஐ) உருவாக்கினார். பேரரசின் தலைநகரில் அரசியல் நிருபராக இருந்த முதல் இந்தியர் அவர். 1919க்குள் அந்த நிறுவனமும் ராய்ட்டர்ஸ் கைக்குப் போனது. பெயர் மட்டும் நீடித்தது.

இதற்கு மாற்றாக எழுந்தவற்றில் முக்கியமானது 1927இல் எஸ்.சதானந்த் தொடங்கிய ஃப்ரீ பிரஸ் ஆஃப் இந்தியா. விடுதலைப் போராட்டச் செய்திகளை அது துணிந்து அனுப்பியது. சில ஆண்டுகளிலேயே நொடித்தும் போனது. அரசின் அடக்குமுறை ஒரு காரணம். இன்னொரு காரணத்தை, செய்தி நிறுவனம் நடத்த நினைக்கும் எவரும் இன்றும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்: சதானந்த் 1930 முதல் சொந்தமாக நாளிதழும் நடத்தினார். செய்தி வாங்கிய பத்திரிகைகள் தங்கள் மொத்த வியாபாரி தங்களுக்கே போட்டிக் கடை போடுவதைப் பார்த்து விலகின. 1933இல் பிதுபூஷண் சென்குப்தா தொடங்கிய யுனைடெட் பிரஸ் ஆஃப் இந்தியா நிதி நெருக்கடியிலேயே காலம் தள்ளி 1958இல் மூடப்பட்டது.

## சென்னையில் ஏழு கையெழுத்துகள்

சுதந்திரம் கிடைத்து 12 நாள் கழித்து, 1947 ஆகஸ்ட் 27 அன்று, சென்னையில் பிடிஐ பதிவானது. நிறுவன ஆவணத்தில் கையெழுத்திட்ட ஏழு பேர்: ‘தி இந்து’ ஆசிரியர் கஸ்தூரி சீனிவாசன், ‘சுதந்திரா’ ஆசிரியர் காசா சுப்பாராவ், ‘ஆனந்த விகடன்’ எஸ்.எஸ்.வாசன், ‘ஃப்ரீ பிரஸ் ஜர்னல்’ சதானந்த், ‘சுதேசமித்திரன்’ சி.ஆர்.சீனிவாசன், ‘தி மெயில்’ ஏ.ஏ.ஹேல்ஸ், ‘ஃப்ரீ பிரஸ்’ எஸ்.வி.சுவாமி. தமிழில் வெளிவந்த ஒரு வார இதழும் ஒரு நாளிதழும் தேசியச் செய்தி நிறுவனத்தின் பிறப்புச் சான்றிதழில் இருக்கின்றன. இது நம்மில் பலருக்குத் தெரியாமலே போய்விட்டது.

பிறகு பேச்சுவார்த்தை. உள்துறையோடு தகவல், ஒலிபரப்புத் துறையையும் கவனித்த சர்தார் படேல் ஆதரவாக நின்றார். 1949 பிப்ரவரி 1 அன்று ஏபிஐயின் நிருபர்களையும் கம்பித் தொடர்புகளையும் பிடிஐ எடுத்துக்கொண்டு செயல்படத் தொடங்கியது. கஸ்தூரி சீனிவாசன் முதல் தலைவர். ஆனால் முழு விடுதலை அன்றே கிடைக்கவில்லை. ராய்ட்டர்ஸின் கூட்டாளி என்ற நிலையில் நான்கு ஆண்டுகள் இருந்து, 1953இல்தான் பிடிஐ அந்தப் பிணைப்பிலிருந்து வெளியே வந்தது.

ஏற்பாடு எளிமையானது. பங்குதாரர்கள் பத்திரிகை நிறுவனங்கள். லாபம் வந்தால் பங்குத்தொகையாகப் பிரிக்கப்படாது, நிறுவனத்துக்குள்ளேயே திரும்பப் போடப்படும். எந்த ஒரு முதலாளியின் கையிலும் அமைப்பு சிக்கிவிடக் கூடாது என்பது நோக்கம்.

இந்த அமைப்புமுறையின் அருமை எல்லைக்கு அப்பால் பார்த்தால் புரியும். அதே ஏபிஐயின் பாகிஸ்தான் பகுதி அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் பாகிஸ்தான் ஆனது. அதுவும் முதலில் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில்தான் இருந்தது. பண நெருக்கடி முற்றியதும் 1961இல், ராணுவ ஆட்சிக் காலத்தில், அரசு அதை எடுத்துக்கொண்டது. ஒரே தாய் நிறுவனத்தின் இரண்டு பிள்ளைகளில் ஒன்று அரசின் குரலானது. பணம் தீர்ந்துபோனதுதான் அதற்கு வழி திறந்தது.

## ஒரே குழாயான காலம்

1961இல் யுனைடெட் நியூஸ் ஆஃப் இந்தியா (யுஎன்ஐ) செய்தி அனுப்பத் தொடங்கியபோது பிடிஐக்குச் சரியான போட்டி வந்தது. இந்திய மொழிகளுக்கென்று 1948இல் பிறந்த ஹிந்துஸ்தான் சமாச்சாரும், 1960களில் வந்த சமாச்சார் பாரதியும் இருந்தன.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. தணிக்கை அதிகாரி ஒவ்வொரு பத்திரிகை அலுவலகத்திலும் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் பார்ப்பது கடினமான வேலை. மொத்தச் சந்தையையே கைக்குள் வைத்துக்கொண்டால் சில்லறைக் கடைகளைத் தனித்தனியே கவனிக்க வேண்டாம். 1976 பிப்ரவரியில் நான்கு நிறுவனங்களும் ‘சமாச்சார்’ என்ற ஒரே அமைப்பாக இணைக்கப்பட்டன. எதிர்த்து நிற்க அவற்றுக்கு ஏன் வலு இல்லை என்பதைக் கணக்குப் புத்தகத்தில் பார்க்கலாம். பெரிய சந்தாதாரர் ஆகாஷ்வாணி, அது அரசுடையது. தொலைவிலிருந்து வரும் செய்தியைத் தானாகத் தட்டச்சு செய்யும் டெலிபிரிண்டர் இயந்திரங்களுக்குச் செய்தி ஓடிய கம்பிகள் தபால் தந்தித் துறையினுடையவை, அதுவும் அரசுடையது. வருமானமும் பாதையும் ஒரே கையில் இருந்தன.

1977இல் ஆட்சி மாறியது. பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் தலைமையிலான குழு இரண்டு நிறுவனங்களாகப் பிரிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்காமல் பழைய நான்கையும் மீட்டது. 1978 ஏப்ரல் 14 முதல் பிடிஐ மறுபடியும் தன் பெயரில் செய்தி அனுப்பியது. 1986இல் பாஷா என்ற இந்திச் சேவையும், அடுத்த ஆண்டு படச் சேவையும், 2023இல் காணொளிச் சேவையும் சேர்ந்தன.

## சந்தா யாருடையது, குரல் யாருடையது

நாளிதழ்களுக்கான கட்டணம் வழக்கமாக விற்பனைப் பிரதிகளின் எண்ணிக்கையைப் பொறுத்துப் படிப்படியாக உயரும். சிறிய பத்திரிகை குறைவாகவும் பெரியது கூடுதலாகவும் கட்டும். நியாயமான முறைதான். இதில் ஓர் உள்முரண்பாடு உண்டு. வாங்குபவர்களே உரிமையாளர்கள். கட்டணத்தை உயர்த்தும் முடிவை எடுக்க வேண்டியவர்கள் அந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டியவர்கள். எனவே பத்திரிகைகளின் விளம்பர வருமானம் சரியும்போது செய்தி நிறுவனமும் கூடவே இறுகுகிறது. அந்த இடைவெளியை நிரப்பப் பெரிய சந்தாதாரர் ஒருவர் தேவைப்படுகிறார். அந்த இடத்தில் நீண்ட காலம் இருந்தது ஆகாஷ்வாணியும் தூர்தர்ஷனும், அதாவது பிரசார் பாரதி.

2020 ஜூனில் இந்திய, சீன வீரர்களிடையே நடந்த கல்வான் மோதலுக்குப் பிறகு, டெல்லியிலிருந்த சீனத் தூதரையும் பெய்ஜிங்கிலிருந்த இந்தியத் தூதரையும் பிடிஐ பேட்டி கண்டது. பிடிஐயின் செய்தியளிப்பு தேச நலனுக்கு எதிரானது என்று குறை கூறிப் பிரசார் பாரதி கடிதம் எழுதியது. அக்டோபரில் சந்தாவை நிறுத்துவதாக அறிவித்தது. ஆண்டுக்குச் சுமார் 6.85 கோடி ரூபாய் என்று அப்போது செய்திகள் வந்தன. 2023 பிப்ரவரியில் ஹிந்துஸ்தான் சமாச்சாருடன் பிரசார் பாரதி ஒப்பந்தம் செய்தது. 2024 மார்ச்சில் ‘ஷப்த்’ என்ற தன் சொந்தச் செய்திப் பகிர்வுச் சேவையைத் தொடங்கி, முதல் ஓராண்டுக்கு இலவசமாகத் தருவதாக அறிவித்தது.

மோதலில் இருக்கும் நாட்டின் தூதரைப் பேட்டி காண்பது நிருபரின் அன்றாட வேலை. அதற்காகச் சந்தா போகும் என்றால், அடுத்த பேட்டிக்கு முன் எந்த ஆசிரியரும் இருமுறை யோசிப்பார். இலவசச் சேவையிலும் கவலைப்பட இடம் இருக்கிறது. பணமில்லாத சிறு பத்திரிகைக்கு அது உதவிதான். ஆனால் வரிப்பணத்தில் இலவசமாக வரும் செய்தியோடு, சம்பளம் கொடுத்துச் செய்தி சேகரிக்கும் நிறுவனம் எத்தனை நாள் விலையில் போட்டி போட முடியும்? யுஎன்ஐ 2023இல் திவால் நடவடிக்கைக்குள் போனது நம் கண் முன்னே நடந்தது. இரண்டு நிறுவனங்களும் வலுவாக இருந்தபோது ஒன்று தவறவிட்டதை மற்றொன்று பிடித்தது. ஒன்றின் எண்ணிக்கை தவறென்றால் மற்றொன்றை வைத்துச் சரிபார்க்க முடிந்தது.

காணொளியில் சண்டை வேறு வடிவம் எடுத்திருக்கிறது. செய்தியில் உள்ள தகவலுக்குக் காப்புரிமை கிடையாது. அதை எழுதிய விதத்துக்கும் எடுத்த படத்துக்கும் உண்டு. நடப்புச் செய்தியைச் சொல்வதற்கு நியாயமான அளவில் பயன்படுத்திக்கொள்ள 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் எத்தனை வினாடி என்று அது சொல்லவில்லை. யூடியூபிலோ 90 நாளுக்குள் மூன்று முறை காப்புரிமைப் புகார் விழுந்தால் சேனலே நீக்கப்படலாம். காணொளித் துண்டுகளைப் பயன்படுத்தியது பற்றி 2025இல் ஏஎன்ஐக்கும் யூடியூபர்களுக்கும் நடந்த தகராறு இந்த இடைவெளியில் பிறந்தது. தன் செய்திகளைக் கொண்டு செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி தந்ததாக ஓபன்ஏஐ மீது அதே நிறுவனம் 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு தொடர்ந்தது.

## ஒரு காப்பி நடக்கும் வழி

டெலிபிரிண்டர் காலத்திலிருந்து தொடங்கினால்தான் இன்றைய செய்தியின் உருவம் ஏன் இப்படி இருக்கிறது என்று விளங்கும். அந்த இயந்திரத்தின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 66 ஆங்கிலச் சொற்கள். 400 சொல் செய்தி ஒன்று வந்து முடிய ஆறு நிமிடம். நாள் முழுக்க நிற்காமல் ஓடினாலும் ஒரு கம்பியில் 95,000 சொல்தான். நடுவில் கம்பி அறுந்தால் அதுவரை வந்ததே கிடைக்கும். ஆகவே முக்கியமானதை முதல் வரியில் வைத்து, போகப் போக முக்கியம் குறைந்ததை வைக்கும் பழக்கம் உறுதிப்பட்டது. அச்சுப்பக்கத்தில் இடம் இல்லையென்றால் உதவி ஆசிரியர் கடைசிப் பத்தியிலிருந்து வெட்டிக்கொண்டே போகலாம். இன்று இணையத்தில் நொடியில் வந்துவிடுகிறது. உருவம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்று வைத்துக்கொள்வோம். காப்பி, அதாவது எழுதிய செய்தி, இப்படி நகரும்.

1. பகுதிநேர நிருபர், அதாவது ஸ்டிரிங்கர், சென்னை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்வார். அவர் பெரும்பாலும் தமிழில் சொல்வார், அலுவலகம் ஆங்கிலத்தில் எழுதும்.
2. காவல், தீயணைப்பு, மருத்துவமனை, ஆட்சியர் அலுவலகம் ஆகியவற்றில் ஒன்றாவது உறுதிசெய்ய வேண்டும். யார் சொன்னது என்ற குறிப்பு இல்லாமல் எண்ணிக்கை எதுவும் போகக் கூடாது.
3. ஒரே வரியில் அவசரச் செய்தி போகும். இதற்கு ஃப்ளாஷ் என்று பெயர். டெலிபிரிண்டர் காலத்தில் இதோடு மணியும் அடிக்கும்.
4. காப்பிக்கு ஸ்லக் என்ற அடையாளச் சொல் உண்டு. தமிழ்நாட்டு வெடி விபத்து என்றால் ‘டிஎன்-பிளாஸ்ட்’ என்பதுபோல் இருக்கும். அதற்கு முன்னால் மண்டலக் குறியீடும் வரிசை எண்ணும் வரும். டெல்லிக்கு ‘டெல்’, மும்பைக்கு ‘பிஓஎம்’, தென் மண்டலத்துக்கு ‘எம்டிஎஸ்’. மெட்ராஸ், பம்பாய் என்ற பழைய பெயர்கள் பெயர் மாறிய பிறகும் இந்தக் குறியீடுகளில் வாழ்ந்தன.
5. முதல் முழுக் காப்பி போன பிறகு, புதிய தகவல் சேரச் சேர அதே ஸ்லக்கில் ‘லீட்’, ‘செகண்ட் லீட்’, ‘தேர்ட் லீட்’ என்று திருத்திய வடிவங்கள் போகும். புதியது வந்தால் பழையது செல்லாது.
6. காப்பியின் அடியில் ‘பிடிஐ’ என்று போட்டு, எழுதியவர், திருத்தியவர் ஆகியோரின் பெயர்ச் சுருக்கங்கள் வரும். தவறு நேர்ந்தால் யார் கையில் நேர்ந்தது என்று தேட அது உதவும்.
7. தவறான தகவல் போய்விட்டால் திருத்தம் வரும். செய்தியே தவறென்றால் ‘கில்’ என்ற உத்தரவு வரும்: இதைப் பயன்படுத்தாதீர்கள், பயன்படுத்தியிருந்தால் எடுத்துவிடுங்கள் என்று பொருள்.

ஒரு பத்திரிகையில் மூன்று பேர் பலி, இன்னொன்றில் ஐந்து பேர் பலி என்று வருவது ஐந்தாவது படியில்தான். வெளியூர்ப் பதிப்பு முன்னதாக அச்சுக்குப் போகும். அது முதல் லீடை வைத்துப் போயிருக்கும். நகரப் பதிப்பு மூன்றாவது லீடைப் பார்த்திருக்கும். இரண்டு பத்திரிகையும் பொய் சொல்லவில்லை, வேறு வேறு நேரத்தில் கதவை மூடியிருக்கின்றன.

இணையதளங்களில் சிக்கல் ஆழமானது. பல தளங்கள் செய்தி நிறுவனத்தின் ஓட்டத்தைத் தானியங்கியாகவே பக்கத்தில் ஏற்றுகின்றன. ஒவ்வொரு லீடும் தனிப் பக்கமாகப் பதிவாகும். மூன்றாவது லீட் வந்த பிறகும் முதல் லீடின் பக்கம் அழியாது, தேடுபொறியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கில் உத்தரவு மனிதக் கண்ணுக்கு எழுதப்பட்டது. இயந்திரம் அதையும் இன்னொரு செய்தியாக ஏற்றிவிடும் ஆபத்து உண்டு. நிறுவனம் திரும்பப் பெற்ற செய்தி தளத்தில் உயிரோடு இருந்தால், அந்தப் பிழை அந்தத் தளத்தினுடையது. செய்தியை ஆசிரியர் குழு திருத்தவில்லை என்று கீழே ஒரு வரி போட்டுவிடுவதால் பொறுப்பு தீர்ந்துவிடாது.

## தமிழுக்கு வரும்போது

பிடிஐயின் எழுத்துச் சேவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் உண்டு. தமிழ் நாளிதழுக்கு ஆங்கிலக் காப்பி வருகிறது. மொழிபெயர்ப்பது டெஸ்கில், அதாவது செய்தியைத் திருத்திப் பக்கத்துக்குத் தயாராக்கும் பிரிவில், இருக்கும் உதவி ஆசிரியர். இரவு முழுக்க, பக்கம் முடிக்கும் நெருக்கடியில், இந்த வேலையைச் செய்பவர்களின் பெயர் எங்கும் வருவதில்லை. பிழைகள் எங்கே நுழைகின்றன என்று பார்ப்பது அவர்களைக் குறை சொல்ல இல்லை. அவர்களுடைய வேலை எத்தனை நுட்பமானது என்று காட்டவே.

1. சொன்னவர் காணாமல் போவது. ஆங்கில வாக்கியத்தில் ‘போலீஸார் கூறினர்’ என்பது தனித் துண்டாகக் கடைசியில் நிற்கும். தமிழில் அந்தப் பொறுப்பை ‘-ஆக’ என்ற ஒட்டு சுமக்கிறது: “லஞ்சம் வாங்கியதாகப் போலீஸார் தெரிவித்தனர்”. தலைப்பில் இடம் போதாமல் “லஞ்சம் வாங்கினார்” என்று சுருக்கும்போது, புகார் தீர்ப்பாக மாறிவிடுகிறது. ஓர் ஒட்டைத் தூக்கியதில் ஒருவரின் மானம் போகலாம், அவதூறு வழக்கும் வரலாம்.

2. நீதிமன்றச் சொற்கள். ‘ஸ்டே’ என்றால் இடைக்காலத் தடை, ‘குவாஷ்’ என்றால் ரத்து. முதலாவதில் வழக்கு உயிரோடு இருக்கிறது, இரண்டாவதில் முடிந்துவிட்டது. விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகச் சொல்லும் கருத்து உத்தரவு ஆகாது. ‘சாங்ஷன்’ என்ற சொல் வழக்குத் தொடர அனுமதி என்றும் வரும், பொருளாதாரத் தடை என்றும் வரும். நேர் எதிரான இரு பொருள், சூழலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

3. எண்கள். இந்தியக் காப்பியில் லட்சம், கோடி இருக்கும். அதே ஓட்டத்தில் வரும் ஏபி காப்பியில் மில்லியன், பில்லியன் இருக்கும். 10 லட்சம் ஒரு மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன், ஒரு லட்சம் கோடி ஒரு டிரில்லியன். 2.5 பில்லியன் என்பது 250 கோடி. அவசரத்தில் அது 25 கோடியாகவோ 2,500 கோடியாகவோ ஆவது டெஸ்கில் வேலை பார்த்த எவருக்கும் தெரிந்த விபத்து. டாலரை ரூபாயாக்கும்போது இரண்டாவது முறை பிசகும்.

4. கிழமை. செய்தி நிறுவனத்தின் காப்பி தேதியைச் சொல்லாமல் ‘வியாழக்கிழமை’ என்று கிழமையைச் சொல்லும். அது நிகழ்வு நடந்த ஊரின் கிழமை. வாஷிங்டனில் கோடைக் காலத்து வியாழன் மாலை 6 மணி, நமக்கு வெள்ளி அதிகாலை 3.30. ‘நேற்று’ என்று போட்டால் சரியா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் எழுத வேண்டும்.

5. ஊர்ப் பெயர். இதுதான் மனத்தை உறுத்துவது. தமிழ்நாட்டுச் சிற்றூரில் நடந்த சம்பவத்தை ஸ்டிரிங்கர் தமிழில் சொல்கிறார். சென்னை அலுவலகம் ரோமன் எழுத்தில் எழுதுகிறது. தமிழ் டெஸ்க் அதைத் திரும்பத் தமிழாக்குகிறது. ஆங்கில எழுத்தில் ல, ள, ழ வேறுபாடு சரியாக நிற்பதில்லை, ன, ண வேறுபாடு தெரியாது, குறில் நெடில் தெரியாது. ஊர் தெரியாதவருக்குக் கொளத்தூரா, கோலத்தூரா, கொலத்தூரா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. பழையூரும் பாலையூரும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நிற்கலாம். ஆட்பெயருக்கும் இதே கதிதான். இறந்தவர் பெயர் தவறாக அச்சாகி அந்த வீட்டுக்குப் போகும் பத்திரிகையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் தேடினால் அங்கேயும் ஆங்கிலத்திலிருந்து தானாகத் திருப்பிய தமிழ்ப் பெயர்தான் பல இடங்களில் கிடைக்கும். அது சான்றாகாது. அனுபவமுள்ள டெஸ்கில் பின்பற்றும் வழி ஒன்றுதான்: இரவு பதினொரு மணியானாலும் அந்த மாவட்ட நிருபரைத் தொலைபேசியில் எழுப்பி, ஊரின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்வது.